வெறும் ஊசி போட்டுக்கொண்ட 2 லட்சம் பிள்ளைகள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

சென்ற வாரம் என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் மகள் போனில் பேசினாள். கல்லூரியில் முதலாண்டு. "டீச்சர் பாட்டி, புள்ளியியலில் மிகைகாண் சோதனை, நம்பிக்கை இடைவெளின்னு ரெண்டு பாடம் இருக்கு. சூத்திரத்துல எண்ணைப் போட்டா விடை வந்துடுது. ஆனா எதுக்காக இதைச் செய்யறோம்னுதான் புரியல" என்றாள்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். கல்லூரிக் கணக்கு என் எல்லைக்கு வெளியே. ஆனாலும் அவள் கேள்விக்கு ஒரு வரலாறு பதிலாக இருக்கிறது. அது நடந்ததும் பள்ளிக்கூடங்களில்தான், ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துத்தான். அதனால் அதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அவளிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

இளம்பிள்ளை வாதம் என்ற போலியோவை உங்களில் இளையவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் காலில் இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்த ஒரு தோழனோ தோழியோ நினைவில் இருப்பார்கள். அமெரிக்கா போன்ற பணக்கார நாட்டையும் அந்த நோய் ஆட்டிப் படைத்தது. 1952-ல் மட்டும் அங்கே சுமார் 58,000 பேருக்குப் போலியோ வந்தது. 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடைக்காலம் வந்தால் பெற்றோர் பிள்ளைகளை நீச்சல் குளத்துக்கோ திரையரங்குக்கோ அனுப்பப் பயந்தார்கள். மூச்சுத் தசைகள் செயலிழந்த குழந்தைகளை இரும்பு நுரையீரல் என்ற பெரிய உருளைக்குள் படுக்க வைத்து உயிரைக் காத்தார்கள்.

அந்த நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த ரூஸ்வெல்ட்டே 1921-ல் இந்த நோய்க்கு ஆளாகிக் கால்களின் பலத்தை இழந்தவர். 1938-ல் அவர் தொடங்கிய அறக்கட்டளைக்கு மக்கள் சில்லறைக் காசுகளை அனுப்பினார்கள். அந்தப் பணத்தின் உதவியுடன் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜோனாஸ் சால்க் என்ற மருத்துவர் ஒரு தடுப்பூசியை உருவாக்கினார். போலியோ வைரஸை வளர்த்து, ஃபார்மலின் மருந்தால் கொன்று, செத்த வைரஸை ஊசியாகப் போடுவது அவர் முறை. வைரஸை வளர்ப்பதற்குக் குரங்கின் சிறுநீரகத் திசு தேவைப்பட்டது. அந்தக் குரங்குகள் பெரும் எண்ணிக்கையில் நம் நாட்டிலிருந்துதான் போயின.

மருந்து தயார். சில ஆயிரம் பேருக்குப் போட்டுப் பார்த்ததில் பெரிய தீங்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் அது நோயைத் தடுக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

"எல்லோருக்கும் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு நோய் குறைகிறதா என்று பார்த்தால் போயிற்று" என்று நமக்குத் தோன்றும். அதில்தான் சிக்கல். 1952-ல் 58,000 ஆக இருந்த எண்ணிக்கை 1953-ல் சுமார் 35,000 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டு தடுப்பூசி எதுவும் கிடையாது. தானாகவே குறைந்தது. ஒருவேளை 1953-ல் எல்லோருக்கும் ஊசி போட்டிருந்தால், அது வெறும் தண்ணீராகவே இருந்தாலும், "ஊசியால்தான் குறைந்தது" என்று நாடே கொண்டாடியிருக்கும். போலியோ ஓர் ஆண்டு ஏறும், மறு ஆண்டு இறங்கும். ஆகவே ஒரே ஆண்டில், ஒரே ஊரில், ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு இரண்டு திட்டங்கள் வந்தன. அறக்கட்டளை முதலில் வகுத்தது எளிமையான திட்டம். இரண்டாம் வகுப்பில் யாருடைய பெற்றோர் சம்மதிக்கிறார்களோ அவர்களுக்கு ஊசி. ஒன்றாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் ஊசி இல்லை, கவனிப்பு மட்டும். ஆண்டு முடிவில் ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

இரண்டாவது திட்டத்தில் மூன்று வகுப்புகளிலும் சம்மதித்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஊசி உண்டு. ஆனால் பாதிப் பேருக்குத்தான் தடுப்பு மருந்து. மறுபாதிக்குப் பார்வைக்கு அதே போல இருக்கும், மருந்து இல்லாத திரவம். புட்டியில் குறியீட்டு எண் மட்டும் இருக்கும். எது மருந்து, எது வெறும் ஊசி என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, ஊசி போடும் மருத்துவருக்கும் தெரியாது. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் போல எண்ணே தீர்மானிக்கும்.

இரண்டாவது திட்டத்தைச் சால்க்கே விரும்பவில்லை. நோய் பரவும் ஆண்டில் ஒரு குழந்தையின் கையில் பயனற்ற ஊசியைக் குத்தி அனுப்புவது அவர் மனசாட்சியை உறுத்தியது. நாமாக இருந்தாலும் அப்படித்தானே நினைத்திருப்போம்? ஆனால் பல மாநிலச் சுகாதார அதிகாரிகளும் புள்ளியியல் அறிஞர்களும் இரண்டாவது திட்டம் இல்லாமல் உண்மை தெரியாது என்று உறுதியாக நின்றார்கள். கடைசியில் 33 மாநிலங்களில் முதல் திட்டமும் 11 மாநிலங்களில் இரண்டாவது திட்டமும் நடப்பது என்று முடிவாயிற்று.

முடிவுகளை ஆராயும் பொறுப்பு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிரான்சிஸிடம் வந்தது. சால்க் மாணவராக இருந்த காலத்தில் அவருக்கு ஆசிரியர் இவர். ஆனாலும் "என் வேலையில் யாரும் தலையிடக் கூடாது" என்ற நிபந்தனையோடுதான் பொறுப்பை ஏற்றார். மாணவன் கண்டுபிடித்த மருந்துக்கு ஆசிரியர் மதிப்பெண் போட வேண்டிய நிலை. சலுகை எதுவும் காட்டவில்லை.

1954 ஏப்ரல் 26 அன்று வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் முதல் ஊசி போடப்பட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று ஊசிகள். எல்லாத் திட்டங்களையும் சேர்த்துச் சுமார் 18 லட்சம் பிள்ளைகள் இந்தச் சோதனையில் பங்கு பெற்றார்கள்.

இத்தனை பேர் எதற்கு, ஆளுக்குப் பத்தாயிரம் பேர் வீதம் இரண்டு குழு போதாதா? இங்கேதான் பாடப் புத்தகத்துக்குள் நுழைகிறோம். ஒரு நாணயத்தை எடுத்து 8 முறை சுண்டிப் பாருங்கள். எப்போதும் 4 பூ, 4 தலை என்று விழாது. 6-க்கு 2 என்றோ, அதைவிட ஒருபக்கமாகவோ விழுவது 10 தடவையில் கிட்டத்தட்ட 3 தடவை நடக்கும். நாணயத்தில் கோளாறு இல்லை. தற்செயல்.

போலியோ அச்சம் தருகிற நோய், ஆனால் எண்ணிக்கையில் அரிதான நோய். 1954-ல் வெறும் ஊசி போட்ட பிள்ளைகளில் வாதம் வந்தது லட்சத்துக்கு 57 பேருக்கு. அப்படியென்றால் 10,000 பேரில் சுமார் 6 பேர். மருந்து போட்ட 10,000 பேரில் சுமார் 2 பேர். 6-க்கு 2. நாணயம் சுண்டினாலே வரக்கூடிய வித்தியாசம்! அதை வைத்து மருந்து வேலை செய்கிறது என்று சத்தியம் செய்ய முடியுமா? முடியாது. வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. அத்தனை பிள்ளைகளுக்கும் ஊசி குத்தியது வீணாகப் போயிருக்கும்.

"இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க முடியுமா?" என்று கேட்பதுதான் மிகைகாண் சோதனை. இந்தக் கேள்வி பழையது. 1710-ல் ஜான் ஆர்பத்நாட் என்ற மருத்துவர் லண்டன் மாநகரின் ஞானஸ்நானப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். தொடர்ந்து 82 ஆண்டுகள் ஆண் குழந்தைகளே அதிகம். ஆணோ பெண்ணோ சரிசமமான வாய்ப்பு என்றால் 82 ஆண்டும் ஒரே பக்கம் சாய்வது, நாணயத்தை 82 முறை சுண்டி 82 முறையும் பூவே விழுவது போன்றது. ஆகவே இது தற்செயல் அல்ல என்று எழுதினார். அதற்குப் பிறகு 1925-ல் இங்கிலாந்தில் ரொனால்டு ஃபிஷர் ஒரு புத்தகம் எழுதி, 20-ல் 1 தடவைக்கும் குறைவாகவே தற்செயலாக வரக்கூடிய வித்தியாசத்தைக் கவனிக்கத் தக்கதாக எடுத்துக்கொள்ளலாம் என்ற வழக்கத்தை ஏற்படுத்தினார். உங்கள் பாடத்தில் வரும் 5 சதவீதம் அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது 1955-க்கு வருவோம். ஏப்ரல் 12, ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்தாண்டு நிறைந்த நாள். ஆன் ஆர்பர் நகரில் ஃபிரான்சிஸ் முடிவை வாசித்தார். இரண்டாவது திட்டத்தில் மூன்று ஊசியும் முழுமையாக மருந்தாகவே போட்டுக்கொண்டவர்கள் 2,00,745 பேர். அவர்களில் வாதம் வந்தது 33 பேருக்கு. வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 2,01,229 பேர். அவர்களில் வாதம் வந்தது 115 பேருக்கு.

பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், நாமே போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 148 பிள்ளைகள். இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு. மருந்தில் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். (இப்படி வைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் இன்மை எடுகோள்.) அப்படியானால் இந்த 148 பேரும் எந்தக் குழுவில் இருந்தார்கள் என்பது 148 முறை நாணயம் சுண்டியது போலத்தான். பக்கத்துக்கு 74 எதிர்பார்க்கலாம். 148-ன் வர்க்கமூலம் சுமார் 12, அதில் பாதி 6. இதுதான் திட்ட விலக்கம். இதைப் போல இரண்டு மடங்கு, அதாவது 12 கூடவோ குறையவோ இருப்பது சகஜம். 20-ல் 19 தடவை 62-க்கும் 86-க்கும் நடுவில் விழும். ஆனால் கிடைத்தது 33. எதிர்பார்த்ததைவிட 41 குறைவு, ஏறக்குறைய ஏழு திட்ட விலக்கம். தற்செயலாக இப்படி வருவதற்கு நூறு கோடியில் ஒரு வாய்ப்புகூடக் கிடையாது. எடுகோளைத் தள்ளிவிடலாம். மருந்து வேலை செய்கிறது.

"வேலை செய்கிறது" என்பதோடு கேள்வி முடியவில்லை. எவ்வளவு? லட்சத்துக்கு 57 பேர் ஒரு பக்கம், 16 பேர் மறுபக்கம். லட்சத்துக்கு 41 பிள்ளைகள் தப்பித்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டு இதே சோதனையை வேறு பிள்ளைகளை வைத்து நடத்தினால் சரியாக 41 வராது. 38 வரலாம், 45 வரலாம். அந்த ஊசலாட்டத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நம்பிக்கை இடைவெளி. 1930-களில் ஜெர்சி நெய்மன் என்ற போலந்துக்காரர் இதை வகுத்தார். (அவருக்கும் ஃபிஷருக்கும் ஆயுள் முழுக்கச் சண்டை. அது தனிக் கதை.) நம் கணக்கில் 148-ன் வர்க்கமூலமான 12 என்பது 2 லட்சத்துக்கு உரியது. லட்சத்துக்கு 6. இதுதான் திட்டப் பிழை. அதன் இரண்டு மடங்கு 12. ஆகவே 41-லிருந்து 12 கழித்தால் 29, கூட்டினால் 53. லட்சத்துக்கு 29 முதல் 53 பிள்ளைகள் வரை தப்பிக்கிறார்கள் என்பது 95 சதவீத நம்பிக்கை இடைவெளி.

அந்த 95-ஐப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். திருவிழாக் கடையில் வளையம் எறியும் விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பொருள் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கிறது. நாம் எறியும் வளையம்தான் அங்கும் இங்கும் விழுகிறது. உண்மை என்பது அந்தப் பொருள். இடைவெளி என்பது வளையம். 100 முறை எறிந்தால் 95 முறை பொருளைச் சுற்றி விழும்படி வளையத்தின் அகலத்தை அமைத்திருக்கிறார்கள். 95 என்பது எறிகிறவரின் திறமைக்குக் கொடுத்த சான்று.

10,000 பேர் வீதம் மட்டும் நடத்தியிருந்தால் வளையம் எவ்வளவு அகலமாக இருந்திருக்கும் தெரியுமா? 6-க்கு 2. வித்தியாசம் 4, அதன் இரு பக்கமும் ஐந்தரை. லட்சக் கணக்கில் சொன்னால், 95 பிள்ளைகளைக் காப்பாற்றலாம் என்பதிலிருந்து 15 பிள்ளைகளுக்குக் கூடுதலாக நோயைக் கொடுக்கலாம் என்பது வரை. அந்த விடையால் யாருக்கு என்ன பயன்?

இனி முதல் திட்டத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். இங்கே வாதம் வந்தது, வராதது எல்லாவற்றையும் சேர்த்த போலியோ எண்ணிக்கையைச் சொல்கிறேன், எல்லாம் லட்சத்துக்கு. இரண்டாவது திட்டத்தில் மருந்து போட்டவர்கள் 28, வெறும் ஊசி 71, சம்மதிக்காத வீட்டுப் பிள்ளைகள் 46. கவனித்தீர்களா? வெறும் ஊசி போட்டவர்களும் சம்மதிக்காதவர்களும் இருவருமே மருந்து பெறாதவர்கள். அப்படியிருந்தும் 71-க்கும் 46-க்கும் இத்தனை வித்தியாசம்.

காரணம் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. போலியோ சுத்தமான, வசதியான வீடுகளைத்தான் அதிகம் தாக்கியது. நெரிசலான இடங்களில் வளரும் குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்போதே லேசாக வைரஸ் தொற்றிப் பாதுகாப்பு கிடைத்துவிடும். வசதியான வீட்டுக் குழந்தைக்கு அது கிடைக்காது. ஊசிக்குச் சம்மதித்ததும் வசதியும் படிப்பும் உள்ள பெற்றோரே அதிகம்.

முதல் திட்டத்தில் ஊசி போட்ட இரண்டாம் வகுப்பு எல்லாம் சம்மதித்த வீட்டுப் பிள்ளைகள். ஒன்றும் மூன்றும் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கலந்தவை. கிடைத்த எண்கள் 25, 54. வித்தியாசம் 29 மட்டுமே. இரண்டாவது திட்டத்தில் அது 43. மருந்து அதேதான், ஒப்பீடு தவறியதால் அதன் பலன் குறைவாகத் தெரிந்தது. வேறொரு நோயாக இருந்தால் இதே தவறு பயனற்ற மருந்தை உயர்த்திக் காட்டியிருக்கும். இத்தனைக்கும் முதல் திட்டத்தில் பிள்ளைகள் பத்து லட்சத்துக்கும் மேல். சூத்திரத்தில் போட்டால் இடைவெளி குறுகலாக, அழகாக வரும். ஆனால் வளையத்தைத் தப்பான இடத்தைப் பார்த்து எறிந்தால், எத்தனை நேர்த்தியாக எறிந்து என்ன பயன்?

முடிவு வெளியான அன்று தேவாலய மணிகள் ஒலித்தன. அன்றைக்கே மருந்துக்கு உரிமமும் கிடைத்தது. கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்குள் இடி விழுந்தது. கலிபோர்னியாவில் கட்டர் என்ற ஆய்வகம் தயாரித்த சில தொகுதிகளில் வைரஸ் முழுமையாகச் சாகவில்லை. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் அவர்களிடமிருந்து தொற்றியவர்களிலுமாக 150-க்கும் மேற்பட்டோருக்கு வாதம் வந்தது. 10 பேர் இறந்தார்கள். சோதனையின் கணக்கு தவறா? இல்லை. சோதனையில் போட்ட மருந்தைப் பற்றித்தான் அந்தக் கணக்கு பேசியது. பிறகு அவசரமாகத் தயாரித்த மருந்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாம்தான் சொன்னதாக நினைத்துக்கொண்டோம். அதன்பின் தயாரிப்பு விதிகளைக் கடுமையாக்கி மறுபடி தொடங்கினார்கள். 1957-ல் அந்த நாட்டில் போலியோ எண்ணிக்கை 6,000-க்கும் கீழே வந்துவிட்டது.

நம் நாட்டில் வேலையை முடித்தது பெரும்பாலும் ஆல்பர்ட் சேபின் கண்டுபிடித்த சொட்டு மருந்து. 1995-லிருந்து போலியோ ஞாயிறுகளில் பள்ளிக்கூடமே முகாமாக இருந்ததும், பிள்ளைகளின் சுண்டுவிரலில் மை வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட நோயாளிதான் கடைசி. 2014 மார்ச் 27 அன்று நம் பகுதிக்குப் போலியோ இல்லாத சான்று கிடைத்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் ஒன்று கேட்டாள். "பாட்டி, அந்த 115 பிள்ளைங்க பாவம் இல்லையா? மருந்து இருந்தும் வெறும் ஊசிதானே போட்டாங்க?"

பாவம்தான். இதற்கு என்னிடம் சமாதானமான பதில் இல்லை. ஊசி போட்ட நாளில் அது மருந்துதானா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது என்பது உண்மை. மருந்து என்று நம்பிப் போட்ட ஊசியே ஓர் ஆண்டு கழித்துப் பிள்ளைகளைக் கொன்றது என்பதும் உண்மை. அந்த 2 லட்சம் பேர் வெறும் ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் 33 என்ற எண்ணுக்கு அர்த்தமே இருந்திருக்காது. 115 பக்கத்தில் நின்றதால்தான் 33 பேசியது. அவர்கள் பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. உன் சூத்திரத்தில் கழித்தல் குறிக்குப் பக்கத்தில் வரும் இரண்டாவது எண்ணாக மட்டும் இருக்கிறார்கள். அடுத்த முறை அதை எழுதும்போது ஒரு நொடி நினைத்துக்கொள் என்றேன்.

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். "இந்த மருந்து சாப்பிட்ட 100 பேரில் 90 பேர் குணமானார்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அனுப்புவதற்கு முன் கேளுங்கள்: சாப்பிடாத 100 பேரில் எத்தனை பேர் குணமானார்கள்? அவர்களும் இவர்களைப் போன்றவர்கள்தானா? பதில் இல்லையென்றால் அந்தச் செய்தி உங்கள் போனோடு நிற்கட்டும்.

நம் மாணவர்களில் செவிலியர்களும் மருத்துவர்களும் கணக்கு ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் தயங்காமல் கீழே சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்